எக்செல் தாளிலிருந்து தரவுத்தளத்துக்கு: லட்சக்கணக்கான வரிசைகளைச் சேதமில்லாமல் கொண்டு சேர்க்கும் வழி

கண் சிகிச்சை முகாம்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் பதிவேட்டை எக்செல்லிலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. ஏழு ஆண்டுப் பதிவுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். இறக்குமதி ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் முடிந்தது. மறுவாரம் தொண்டர் ஒருவர் அழைத்தார். “சார், ராயபுரத்துப் பாட்டி ஒருவரை மறுபரிசோதனைக்குக் கூட்டிவர வந்திருக்கிறேன். முகவரியில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் டிசம்பர் 5 என்று தேதி இருக்கிறது. எந்த வீட்டைத் தேடுவது?”

அந்த வீட்டின் எண் 5/12. புதிய எண்ணும் பழைய எண்ணும் சேர்த்து எழுதும் சென்னை வழக்கப்படி யாரோ அப்படித் தட்டச்சு செய்திருக்கிறார். எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது. தரவுத்தளமும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. அன்று முதல் இந்த வேலையில் நான் கைவிடாத விதி ஒன்று உண்டு. எந்தக் கட்டத்தில் இருப்பது எண், எது தேதி, எது வெறும் எழுத்து என்று ஊகிக்கும் உரிமையை எந்த மென்பொருளுக்கும் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து, வகை பிரிப்பதை நானே செய்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

(குறுக்கே ஓடுவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் குறிப்பிடுகிறேன்.)

முதல் படி: மூலத்தைப் பூட்டுங்கள், பிறகு எண்ணுங்கள்

கையில் வந்த கோப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து, மூலத்தைப் ‘படிக்க மட்டும்’ என்று அமைத்துத் தனி உறையில் (ஃபோல்டரில்) வையுங்கள். எல்லா வேலையும் நகலில்தான். பிறகு மூன்று எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள் (தலைப்பு, வெற்று வரிசைகள், நடுவே வரும் ‘மொத்தம்’ வரிசைகள் நீங்கலாக): மொத்த வரிசைகள், மொத்தப் பத்திகள், கூட்டிப் பார்க்கத்தக்க ஏதாவது ஒரு பத்தியின் கூட்டுத்தொகை. கடைசியில் சரிபார்க்க இவைதான் கைகொடுக்கும்.

எண்ணும்போதே கோப்பின் எல்லையையும் பாருங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே கொள்ளும். இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576. உங்கள் தாளின் வரிசைக் கணக்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் சரியாக வந்து நின்றால், மீதி எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் கையாண்டபோது 15,841 தொற்றாளர்களின் விவரம் பட்டியலில் சேராமலே போனது. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவும் அந்த அளவுக்குத் தாமதமானது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நாற்பதாயிரம் வரிசைத் தாள் பத்து லட்சம் வரிசைகளாக இறக்குமதி ஆகும். யாரோ முழுப் பத்திக்கும் வண்ணமோ கோடோ போட்டிருப்பார்கள், வெற்றுக் கட்டங்களும் கணக்கில் சேர்ந்துவிடும். கன்ட்ரோல் விசையோடு எண்ட் விசையை அழுத்துங்கள். கடைசிப் பதிவைத் தாண்டி வெகுதூரம் கீழே போய் நின்றால், இடைப்பட்ட வெற்று வரிசைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கி, சேமித்து, மறுபடி பாருங்கள்.

இரண்டாம் படி: மனிதர்களுக்காகப் போட்ட அலங்காரத்தைக் களையுங்கள்

இணைத்த கட்டங்கள், மூன்று அடுக்குத் தலைப்பு, மாதந்தோறும் நடுவே வரும் ‘மொத்தம்’ வரிசை, வடிகட்டியால் மறைந்திருக்கும் வரிசைகள் எல்லாம் போக வேண்டும். தலைப்பு ஒரே வரிசையாக இருக்கட்டும். சூத்திரங்கள் இருந்தால் நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். இணைத்த கட்டத்தைப் பிரித்தால் மேல் கட்டத்தில் மட்டுமே தகவல் நிற்கும், கீழே உள்ளவை வெறுமையாகிவிடும். பகுதிப் பெயர் ஒருமுறை ‘பெரம்பூர்’ என்று வந்து அடுத்த இருநூறு பேருக்கும் பொருந்துமாறு இணைத்திருந்தால், அந்த இருநூறு கட்டங்களிலும் அதை நிரப்பிய பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: எக்செல் தானாக மாற்றியவற்றைத் தேடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். இங்கே ஏற்படும் சேதம் எந்தப் பிழைச்செய்தியையும் எழுப்புவதில்லை.

கதவு எண்கள்: 5/12, 3-2 போன்றவை தேதியாகும். 12/47 என்றால் மாதம் டிசம்பர், ஆண்டு 47 என்று எடுத்துக்கொள்ளும். ஃபிளாட் எண்ணில் எண்களுக்கு நடுவே ஆங்கில ‘இ’ எழுத்து வந்தால் இன்னொரு விபத்து. 2இ4 என்பதை அறிவியல் குறியீடாகக் கருதி 20,000 ஆக்கிவிடும். தேதியாகிவிட்ட கதவு எண்ணைப் பாதியளவு மீட்கலாம். இந்திய அமைப்புள்ள கணினியில் தட்டச்சு செய்தது என்று உறுதியாகத் தெரிந்தால், நாளையும் மாதத்தையும் பிரித்து 5/12 என்று திரும்ப எழுதலாம். ஆனால் மூலத்தில் இருந்தது 5/12ஆ, 5-12ஆ, 05/12ஆ என்று அந்தக் கட்டம் ஒருபோதும் சொல்லாது. ஐயமிருந்தால் காகிதப் பதிவேட்டைப் பாருங்கள். (மரபணு ஆய்வாளர்களும் இதே தொல்லையில் சிக்கியவர்கள்தான். ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்றெல்லாம் இருந்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கியதால், பெயர் சூட்டும் குழு அந்தப் பெயர்களையே மாற்றி 2020இல் புதிய நெறிமுறை வெளியிட்டது.)

தொலைபேசி எண்கள்: 044 என்று தொடங்கும் சென்னை எண்ணின் முன்சுழியம் மறைந்துவிடும். எஞ்சுவது பத்து இலக்கம். பார்வைக்குக் கைப்பேசி எண் போலவே இருக்கும் என்பதால், பத்து இலக்கம் இருக்கிறதா என்ற சோதனையிலும் தேறிவிடும். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். பத்து இலக்கத்தோடு 44 என்று தொடங்குவதை எல்லாம் தனியே எடுத்து முன்னால் சுழியத்தைச் சேருங்கள்.

நீண்ட எண்கள்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16ஆம் இலக்கம் முதல் எல்லாம் சுழியமாகிவிடும். வங்கிக் கணக்கு எண்கள் இதில் அடிபடும், மீட்க வழியில்லை. 12 இலக்க ஆதார் எண் உள்ளே பத்திரமாக இருந்தாலும் திரையில் அறிவியல் குறியீடாகத் தெரியும். சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெற்று உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது எக்செல் திரையில் தெரிவதையே எழுதும் என்பதால், அங்கேயும் இலக்கங்கள் தொலையும். சேமிப்பதற்கு முன் அந்தப் பத்தியின் வடிவமைப்பை ‘எண், தசமம் 0’ என்று மாற்றி, எல்லா இலக்கங்களும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

தேதிகள்: 01/04/2025 நமக்கு ஏப்ரல் முதல் நாள். அமெரிக்க அமைப்புள்ள கணினிக்கு ஜனவரி நான்கு. 25/04/2025 அந்தக் கணினிக்குத் தேதியே அல்ல, வெறும் எழுத்து. அதனால் ஒரே பத்தியில் சில இடம் மாறிய தேதிகளாகவும் சில எழுத்தாகவும் கலந்து நிற்கும். தனியாக வடிவமைப்பு எதுவும் செய்யாத பத்தியில் எழுத்து இடப்பக்கமும் தேதி வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். பத்தியை அகலமாக்கி ஒருமுறை கண்ணை ஓட்டினாலே கலப்படம் புலப்பட்டுவிடும்.

இனிமேல் இப்படி நேராமல் இருக்க, சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செல்லின் ‘டேட்டா’ பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் போய், தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் சிஎஸ்வியைத் திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை), பிரிப்பான், ஒவ்வொரு பத்தியின் வகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எல்லாக் கணினிகளிலும் நிறுவி வைத்திருக்கிறேன்.

நான்காம் படி: தமிழ் எழுத்தைக் காப்பாற்றுங்கள்

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் பல எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் செய்த பொட்டலம். பெரிய கோப்பை நேரே தரவுத்தள மென்பொருளிடம் கொடுத்தால், அதைப் பிரித்து விரிப்பதிலேயே நினைவகம் தீர்ந்துபோகலாம். ஆகவே சிஎஸ்வியாக மாற்றுவது நல்லது. மாற்றும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற தேர்வு மட்டுமே தமிழுக்கு உதவும். வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

எழுத்து கெட்டிருந்தால் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எல்லாம் கேள்விக்குறி என்றால் தகவல் அழிந்துவிட்டது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். தலைக்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும் அதையடுத்து ® குறியும் திரும்பத் திரும்ப வந்தால் தகவல் நலமாகவே இருக்கிறது. யூடிஎஃப்-8இல் எழுதியதை வேறு குறியாக்கமாக நினைத்துப் படித்திருக்கிறது, அவ்வளவே. இறக்குமதியில் குறியாக்கத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினால் போதும்.

ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்து பொருளில்லாமல் தெரிந்தால், அது எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் உருவான கோப்புகள் சென்னை அலுவலகங்களில் இன்றும் உலவுகின்றன. அந்த எழுத்துரு நிறுவிய கணினியில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடு ஆக்கிய பிறகே தரவுத்தளத்தை நெருங்க வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் கணினி இரண்டையும் வெவ்வேறாகக் கருதலாம். ‘கொளத்தூர்’ என்று தேடினால் பாதிப் பேர் வருவார்கள், மீதிப் பேர் வரமாட்டார்கள். ஔகாரத்தின் கடைசிக் குறியும் ளகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் ‘சௌந்தர்யா’ போன்ற பெயர்களிலும் இது நிகழும். ஒகர வேறுபாட்டை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றினால் போதும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13ஆம் பதிப்பு முதல் ‘நார்மலைஸ்’ என்ற செயல்கூறு அதற்காகவே இருக்கிறது. ளகரக் குழப்பம் அதில் தீராது, தேடிக் கண்டுபிடித்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

ஐந்தாம் படி: எழுத்தாக மட்டும் வாங்கும் இடை அட்டவணை

கோயம்பேட்டுக்கு வரும் மூட்டை லாரியிலிருந்து நேரே கடைப் பலகைக்கு ஏறுவதில்லை. இறக்கிக் கொட்டி, அழுகலைப் பொறுக்கி, தரம் பிரித்த பிறகுதான் விற்பனை. தரவுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். தொழிலில் ஸ்டேஜிங் அட்டவணை என்பார்கள். மூலத்தில் உள்ள அத்தனை பத்திகளையும் உரை வகையிலேயே அமையுங்கள். நீளக் கட்டுப்பாடு, கட்டாயம், தனித்துவம் எதுவும் வேண்டாம். கூடுதலாக இரண்டு பத்திகள் மட்டும் சேருங்கள்: எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அதில் எத்தனையாவது வரிசை. பின்னால் ஒரு தவற்றை மூலத்தில் தேடும்போது இந்த இரண்டும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோர் இந்தப் படியைத் தவறவே விடக்கூடாது. எக்செல் கோப்பை நேரே வாசிக்கும் இயக்கி (டிரைவர்), இயல்பான அமைப்பில் முதல் எட்டு வரிசைகளைப் பார்த்தே பத்தியின் வகையை முடிவு செய்கிறது. முதல் எட்டுக் கதவு எண்கள் 7, 12, 30 என்று இருந்தால் அது எண் பத்தி. ஒன்பதாவதாக வரும் ‘14ஏ’ சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும். சிஎஸ்வியிலிருந்து உரையாக ஏற்றினால் இந்தச் சிக்கல் எழாது. தமிழுக்கு ‘வார்கேர்’ என்ற உரை வகை போதாது, ‘என்வார்கேர்’ வகையே வேண்டும்.

ஆறாம் படி: ஏற்றுதல், அப்போது வரும் பிழைகள்

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை உலாவியில் கையாள உதவும் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றினால் முதலில் இடிப்பது அளவு. அது இயங்கும் பிஎச்பி மொழியின் இயல்பான பதிவேற்ற எல்லை 2 எம்பி மட்டுமே, ஓடும் நேரம் 30 நொடி. எல்லையை உயர்த்தலாம். ஆனால் பெரிய கோப்புக்கு இணைய உலாவியை விட்டுவிட்டுக் கட்டளை வழியே போவதுதான் சரி. மைஎஸ்க்யூஎல்லில் ‘லோட் டேட்டா’, போஸ்ட்கிரெஸில் ‘காப்பி’. வரிசைக்கு ஓர் ‘இன்செர்ட்’ என்று ஏற்றுவதைவிட இவை பன்மடங்கு வேகமானவை.

மைஎஸ்க்யூஎல்லில் அடிக்கடி வரும் பிழை எண்கள்: 1290 வந்தால், கோப்பு சர்வர் அனுமதித்த உறையில் இல்லை. 3948 வந்தால், உங்கள் கணினியிலிருந்து ஏற்றுவது முடக்கப்பட்டிருக்கிறது, சர்வரிலும் உங்கள் பக்கத்திலும் அனுமதியைத் திறக்க வேண்டும். 1153 என்றால் ஒரே மூச்சில் அனுப்பிய பொட்டலம் எல்லையைத் தாண்டிவிட்டது. 1406 நீளம் போதாததையும், 1366 எழுத்துக் குறியாக்கம் அல்லது எண் பொருந்தாததையும், 1062 இரட்டைப் பதிவையும் குறிக்கும். அட்டவணையின் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்றே வையுங்கள். பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட் மட்டுமே தரும். வழக்கமான தமிழ் எழுத்துகள் அதில் அடங்கும், பெயருக்குப் பக்கத்தில் யாராவது போட்ட எமோஜி அடங்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘லோக்கல்’ என்ற சொல்லோடு ‘லோட் டேட்டா’ ஓட்டினால் தரவுப் பிழைகளெல்லாம் வெறும் எச்சரிக்கைகளாகத் தணிந்துவிடும். கைப்பேசி எண்ணைச் சாதாரண ‘இன்ட்’ (முழு எண்) பத்தியில் ஏற்றியவர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு 2147483647 என்ற ஒரே எண் வந்து நிற்பதைப் பார்ப்பது இப்படித்தான். அந்த வகை தாங்கும் பேரெண் அது. முடிந்ததும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை சுழியமா என்று பார்க்காமல் சாளரத்தை மூடாதீர்கள்.

போஸ்ட்கிரெஸ் இதில் கண்டிப்பானது. ஒரு வரி தவறினாலும் முழு ஏற்றத்தையும் ரத்து செய்துவிட்டு, எத்தனையாவது வரி என்றும் சொல்லிவிடும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். 17ஆம் பதிப்பில் தவறான வரிகளைத் தாண்டிப் போகும் வசதி வந்திருக்கிறது, பதிவேட்டு வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். கோப்பே கிடைக்கவில்லை என்று சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ‘காப்பி’ சர்வரின் வட்டில் தேடும். உங்கள் கணினியில் உள்ள கோப்புக்கு, போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோட்டோடு தொடங்கும் ‘காப்பி’ கட்டளை வேண்டும்.

பத்திகளின் எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது என்று பிழை வந்தால் முகவரிப் பத்தியைச் சந்தேகியுங்கள். ‘புதிய எண் 12, பழைய எண் 47, இரண்டாவது குறுக்குத் தெரு’ என்பதில் இரண்டு காற்புள்ளிகள். கட்டத்துக்குள் ஆல்ட்-எண்டர் அழுத்திய வரிமுறிவும் இருக்கலாம். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒரே மதிப்பு என்று கட்டளையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படி வரிமுறிவு உள்ள கோப்பை வரி எண்ணிக்கை பார்த்துத் துண்டு போட்டால் ஒரு பதிவு இரண்டாக அறுபடும். கடைசிப் பத்தி மட்டும் எதனோடும் பொருந்தாமல் அடம்பிடித்தால், விண்டோஸ் வரி முடிவில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறி அதில் ஒட்டியிருக்கிறது.

வேகத்துக்கு: பத்தாயிரம் வரிசைக்கு ஒருமுறை பரிவர்த்தனையை முடித்து நிலைப்படுத்துங்கள் (கமிட்), தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணைகளை (இன்டெக்ஸ்) தரவை ஏற்றி முடித்த பிறகு உருவாக்குங்கள். பெரும்பாலும் இந்த இரண்டே போதும்.

ஏழாம் படி: வகை பிரித்து உண்மையான அட்டவணைக்கு

இப்போது ஒவ்வொரு பத்திக்கும் நீங்கள் எழுதும் விதி. முதலில் ஓரங்களில் உள்ள வெற்றிடத்தைச் சீவுங்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தகவலில் உள்ள உடையாத வெற்றிடத்தைச் சாதாரண ‘டிரிம்’ அகற்றாது, அதைத் தனியே மாற்ற வேண்டும். 1,25,000 போன்ற தொகைகளில் காற்புள்ளியையும் ரூபாய்க் குறியையும் நீக்கிய பிறகு எண்ணாக்குங்கள்.

தேதிப் பத்தியில் ஐந்து இலக்க எண்கள் தெரிந்தால் அவை எக்செல்லின் நாள் எண்கள். 1899 டிசம்பர் 30உடன் அத்தனை நாட்களைக் கூட்டினால் தேதி கிடைக்கும். 45658 என்பது 2025 ஜனவரி 1. எல்லாத் தேதிகளும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் பிந்தியோ முந்தியோ நின்றால், கோப்பு 1904 முறையில் உருவானது. 1,462 நாட்களைச் சரிசெய்யுங்கள்.

நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகளைக் கண்டுபிடிக்கத் தரவுக்குள்ளேயே ஒரு சாட்சி தேடுங்கள். எங்கள் முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே நடந்தவை. ஆகவே வேறு கிழமையில் விழுந்த முகாம் தேதிகளை எல்லாம் எடுத்து, நாளையும் மாதத்தையும் மாற்றிப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாமே ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தன. உங்கள் பதிவேட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும்: கடையின் விடுமுறை நாள், பிறந்த தேதிக்கு முன்னால் வர முடியாத சேர்க்கைத் தேதி, ஏறுவரிசையில் போகும் ரசீது எண்.

விதிக்குள் அடங்காத வரிசைகளை அழிக்காதீர்கள். காரணத்தோடு ‘நிராகரிப்பு’ அட்டவணை ஒன்றில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதர்.

எட்டாம் படி: ஒப்பிடுதல்

முதல் படியில் காகிதத்தில் எழுதிய எண்களை எடுங்கள். உண்மையான அட்டவணையின் வரிசைகளும் நிராகரிப்பு அட்டவணையின் வரிசைகளும் சேர்ந்து மூலத்தின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடுங்கள். இரண்டு அட்டவணைகளும் சேர்ந்த கூட்டுத்தொகை பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வெற்றுக் கட்டங்கள், மிக நீளமான மதிப்பு எது, மிகப் பழைய தேதி எது, மிகப் புதிய தேதி எது என்று பாருங்கள். 2047இல் நடந்த அறுவை சிகிச்சை இங்கேதான் அகப்படும்.

பிறகு இருபது வரிசைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்தப் பதிவேட்டை அன்றாடம் கையாள்பவரிடம் கொடுங்கள். அறக்கட்டளையில் பதிவு எழுதும் அம்மா ஒருவர் என் பட்டியலைப் பார்த்த அரை நிமிடத்தில், “தண்டையார்பேட்டைக்காரருக்கு மயிலாப்பூர் பின்கோடு வந்திருக்கிறதே” என்றார். ஒரு பத்தியை மட்டும் தனியே வரிசைப்படுத்தியதால் நேர்ந்த பிழை அது. என் கணக்குச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருந்ததால், அன்று மாலையே அந்தப் பத்தியை மறுபடி ஏற்ற முடிந்தது.